கிளட்ச் இல்லாத காரில் மாப்பிள்ளை அழைப்பு

எந்தக் காரியத்தையும் வரிசைக்கிரமமாகச் செய்தால் கெட்டுப்போகாது என்று நம்புகிறவன் நான். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் பால் காய்ச்சுவதற்குக்கூட எனக்கு ஒரு முறை உண்டு. பாத்திரத்தைக் கழுவுவது, ஒரு துளி தண்ணீர் விடுவது, பிறகு பால், பிறகு தீயைக் குறைப்பது. பால் பொங்கி அடுப்பை அணைப்பதும் அந்த முறையில் ஒரு படிதான் போலிருக்கிறது என்பாள் என் மனைவி. என் முறைகளின் மேல் அவளுக்கு அவநம்பிக்கை வந்தது கல்யாணத்துக்குப் பிறகு அல்ல, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே. அதற்குக் காரணம் ஒரு கார். காருக்குக் காரணம் என் தாய்மாமா. அவர்கள் இருவர் மேலும் பழியைப் போட்டுவிட்டு நான் நகர்ந்துகொள்ளலாம். ஆனால் ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் இன்ஜினீயரிங் டிப்ளமா வாங்கிக்கொண்டு பெரம்பலூரில் ரோடு ஓவர்சீயராகச் சேர்ந்திருந்தேன். எனக்குப் பெண் பார்த்தது அரியலூரில். பெண்ணின் அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்த பெண்ணை ஏற்கெனவே ஒரு நல்ல குடும்பத்தில் கொடுத்திருந்தார். அந்த மாப்பிள்ளை தன் மாப்பிள்ளை அழைப்பன்றைக்கே குடித்துவிட்டு வந்து, சாரட்டு வண்டியிலிருந்து மாலையோடு இறங்கும்போது படியைத் தவறவிட்டு விழுந்தவர். களைப்பு என்று அவர் வீட்டார் சொன்னார்கள். களைப்பு என்று இவரும் நம்பினார். சில வருஷம் கழித்து அந்தப் பெண் ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு திரும்பிப் போகவில்லை.

அதனால் என்னைப் பார்க்க வந்த அன்று அவர் ஜாதகத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

"சம்பளம் கம்மியா இருந்தா பரவால்லைங்க. பையன் கறுப்பா இருந்தாலும் பரவால்லை. வாயில வாடை இருக்கக் கூடாது. அழைப்பு அன்னிக்கு நான் வாசல்லயே நிப்பேன். வாடை அடிச்சா நாயனத்தைத் தெருவோடயே திருப்பி அனுப்பிடுவேன்" என்றார்.

சம்பளம், நிறம் இரண்டிலும் அவர் சொன்ன சலுகையை நான் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டேன். மூன்றாவதில் எனக்குக் கவலையே இல்லை. இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவன் நான். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கும் வந்திருந்தது. சர்க்கார் ஒரு பக்கம், என் நாக்கு ஒரு பக்கம் என்று எனக்கு இரட்டைப் பாதுகாப்பு.

இனி கார். மாமா பெரம்பலூரில் பருத்தி வியாபாரி. எங்களூருக்கு ரயில் கிடையாது. அவருடைய பருத்திப் பொதிகளெல்லாம் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் ரயில் ஏறும். அந்த வழியாகப் போய்வந்தே காசு பார்த்தவருக்கு, காரில் போய்வர வேண்டும் என்று ஓர் ஆசை. யுத்தம் முடிந்து அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்களைச் சென்னையில் ஏலம் போட்டபோது ஒரு கார் எடுத்துவந்தார். மேலே துணிக்கூரை, மடக்கினால் திறந்த கார். நீளம் அரைத் தெரு. அதில் கிளட்ச் கிடையாது. கியரை அதுவே போட்டுக்கொள்ளும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கைப்பிடி, அதில் நியூட்ரல், ஹை, லோ, ரிவர்ஸ் என்று நாலே இடம். காலால் ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் நம் வேலை. எவ்வளவு மிதிக்கிறோம், வண்டி எவ்வளவு வேகம் போகிறது என்ற இரண்டையும் எண்ணெயின் அழுத்தத்தால் எடைபோட்டு, உள்ளே இருக்கும் பெட்டி தானே கியரை மாற்றும்.

மாமாவின் டிரைவர் பல வருஷம் லாரி ஓட்டியவர். கிளட்ச் இல்லை என்பதை அவர் மனசு ஒப்புக்கொண்டது. இடது கால் ஒப்புக்கொள்ளவில்லை. கியர் மாறும் சத்தம் கேட்டதும் அது பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் இருப்பவர்கள் முன்னால் வருவார்கள். காரில் ஏறுமுன் கைகளை முன் சீட்டில் ஊன்றிக்கொள்வது எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஐப்பசியில் நிச்சயதார்த்தத்துக்கு அந்தக் காரில்தான் அரியலூர் போனோம். குன்னத்தைத் தாண்டி ஓர் ஓடை. பாலம் இல்லை; இறங்கி ஏற வேண்டும். கரிசல் மண், முந்தின ராத்திரி மழை. காரில் மாமா, அத்தை, என் அம்மா, பழத் தட்டுகள், நான். எதிர்க்கரையில் பாதி ஏறியதும் பெட்டி அவசரப்பட்டு மேல் கியருக்குத் தாவியது. இன்ஜின் முனகி நின்றது. மறுபடி கிளப்பினால் மறுபடி அதே கதை. கடைசியில் பெண்கள் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் ஏறினார்கள். கரைமேல் நின்று அத்தை காலைப் புல்லில் தேய்த்துக்கொண்டே, "கியரு தானா போட்டுக்குதாமுல்ல. ஏறவும் தானா ஏறச் சொல்லு, நான் நடந்தே வரேன்" என்றார்.

மாமாவுக்கு அது தைத்துவிட்டது. கல்யாணத்துக்குள் அந்தக் கரையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு கார் ஏறியே ஆக வேண்டும் என்றார். "என்னடா இன்ஜினீரு, படிச்சது ரோட்டுக்கு மட்டுந்தானா?" என்று என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நடந்த பெரும்பாலான விபத்துகளுக்கு முன்னால் யாராவது இந்தத் தொனியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

காரோடு இங்கிலீஷில் ஒரு பட்டாளத்துப் புஸ்தகம் வந்திருந்தது. அதை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். எண்ணெயை எப்போது பார்ப்பது, இன்ஜின் சூடாக இருக்கும்போது ஓடவிட்டுப் பார்ப்பது, உள்ளிருக்கும் பட்டைகளை எவ்வளவு இறுக்குவது, எல்லாம் இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு கம்பி போகிறது. அதன் நீளத்தைத் திருகிக் குறைத்தால், நாம் அதிகமாக மிதிக்கிறோம் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். மேல் கியருக்குத் தாவாமல் கீழ் கியரிலேயே நின்று இழுக்கும். ஐப்பசியில் எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். சிறிது திருகி ஓட்டிப் பார்க்கவும் என்றது புஸ்தகம். திருகினேன். வாலிகண்டபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். தேவலை. இன்னும் கொஞ்சம் திருகினேன். ரொம்பத் தேவலை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தேவலை என்ற இடத்தில் நிற்கும் புத்தி எனக்கு ஓய்வூதியத்தோடுதான் வந்தது.

அடுத்து பலம். யுத்த காலத்து விமானங்களில் அவசரத்துக்கு இன்ஜினுக்குள் சாராயச் சத்தைத் தெளித்துக் கூடுதல் சக்தி எடுப்பார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். விமானத்துக்கு ஆவது பருத்தி வியாபாரி காருக்கு ஆகாதா? மரக்கடையில் பாலிஷ் போட வைத்திருக்கும் ஸ்பிரிட்டைப் பெர்மிட் காட்டி வாங்கினேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கண்ணாடிப் புட்டியும் ரப்பர் குழாயும் தெரிந்த கம்பவுண்டரிடம் கிடைத்தன. புட்டியைப் பானெட்டுக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டு, குழாயைக் கார்புரேட்டரில் விட்டு, குழாயை நெரிக்கும் கவ்வியை ஆக்சிலேட்டர் கம்பியோடு கட்டினேன். சாதாரணமாக மிதித்தால் ஒன்றும் இல்லை. தரைமட்டும், அதாவது தரையில் இடிக்கும் வரை, மிதித்தால் கவ்வி திறந்து ஸ்பிரிட் பாயும்; அதே நேரத்தில் கியரும் ஒரு படி கீழே இறங்கும். சும்மா நிற்கும்போது இன்ஜின் தடுமாறியதால் அதன் ஓய்வு வேகத்தையும் கொஞ்சம் ஏற்றிவைத்தேன். புட்டியின் கழுத்தில் ஒரு குழாய்த்திருகு உண்டு. வேலை முடிந்ததும் அதை மூடிவிட வேண்டும். இது மிக முக்கியம் என்று நானே டிரைவரிடம் பல தடவை சொன்னேன்.

முதல் தடவை தரைமட்டும் மிதித்தபோது கார் குதிரைபோல் எழும்பியது. டிரைவர் நிறுத்திவிட்டு இறங்கினார். முன்பக்கம் போய் மோந்து பார்த்தார்.

"தம்பி, ஊருக்கெல்லாம் குடிக்கக் கூடாதுன்னு சட்டம். இதுக்கு மட்டும் ஊத்தி ஊத்திக் குடுக்குறீங்க" என்றார்.

நான் சிரித்தேன். மதுவிலக்குக்குப் பிறகு அந்தப் பாலிஷ் ஸ்பிரிட்டையே சில பேர் குடிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் வருங்கால மாமனாருக்கும் தெரியும் என்பது ஏனோ என் யோசனைக்கு வரவில்லை. அவருடைய மூத்த மாப்பிள்ளை அப்போது அந்தக் கட்டத்தில்தான் இருந்தார்.

கல்யாணம் தை மாதம். முந்தின நாள் மத்தியானம் பெரம்பலூரிலிருந்து கிளம்பினோம். அதே மாமா, அதே அத்தை, அதே அம்மா, அதிகத் தட்டுகள். ஓடைக்கு வந்தோம். தையில் அந்தக் கரை ஓடுபோல உலர்ந்து கிடந்தது. மாட்டு வண்டிகள் பாரத்தோடு சர்வசாதாரணமாக ஏறிக்கொண்டிருந்தன. ஐப்பசிக்குப் பிறகு தை வரும் என்பது என் புஸ்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. இருந்தாலும் தரைமட்டும் மிதிக்கச் சொன்னேன். கார் ஒரே கர்ஜனையாகக் கரையேறி, ஒரு வண்டி மாட்டை மிரட்டி, அப்பால் போய்த்தான் நின்றது. அத்தை அம்மாவின் மடியில் இருந்தார். தட்டுகள் அத்தையின் மடியில் இருந்தன. மாமா திரும்பிப் பார்த்து, "எப்புடி?" என்று கேட்டார்.

அந்தக் குதிப்பில் ரப்பர் குழாய் கழன்றுவிட்டது. இறங்கி மாட்டினேன். ஸ்பிரிட் என் கையிலும் புது வேட்டியிலும் சிந்தியது. காற்றில் பறந்துவிடும் பொருள்தானே, அரியலூர் போவதற்குள் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே வகுப்பெடுத்துக்கொண்டேன். காய்ந்தது. வாடை மட்டும் தங்கிவிட்டது. மர பாலிஷுக்காக அதில் ஏதோ கலந்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

அரியலூரில் பிள்ளையார் கோயிலில் இறங்கினோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைக்கு அங்கே பூஜை. பிறகு மாலையும் தலைப்பாகையுமாகத் திறந்த காரில் ஏற்றி, நாயனத்துக்குப் பின்னால் ஊர்வலமாகப் பெண் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். எனக்குச் சந்தனம் பூசினார்கள். சந்தனமும் பாலிஷும் சேர்ந்து ஒரு புது நாற்காலியின் மணம் என்மேல் வீசியது. புட்டியின் திருகை மூடச் சொல்ல வேண்டும் என்று டிரைவரைத் தேடினேன். அவர் கூரையை மடக்கிப் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாயில் யாரோ வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் வைத்தார்கள்.

ஊர்வலம் கிளம்பியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்தக் காரைக் கரையேறுவதற்குத் தயார் செய்திருந்தேன், வாலிகண்டபுரம் வரை பறப்பதற்குத் தயார் செய்திருந்தேன். நாயனக்காரருக்குப் பின்னால் நடப்பதற்குத் தயார் செய்யவில்லை. நாயனக்காரர் நடப்பதே அபூர்வம். நாலு அடி வைத்தால் நின்று ஒரு ராகத்தை முடிப்பார். கிளட்ச் இருக்கும் காரில் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கலாம். இந்தக் காரோ காலை எடுத்தாலே தானாக நகரும். போதாததற்கு ஓய்வு வேகத்தை ஏற்றிவைத்தவன் பின்சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருந்தான்.

டிரைவர் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். கார் மூக்கணாங்கயிற்றை இழுக்கும் காளைபோல அவர் காலடியில் திமிறியது. நான் முன்னால் குனிந்து நியூட்ரலில் போடச் சொன்னேன். தவில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மாமா, மாப்பிள்ளை குனியக் கூடாது என்று என்னைத் தோளைப் பிடித்துச் சாய்த்தார். பெண் வீட்டுத் தெருமுனையும் வந்துவிட்டது. வாசலில் காஸ் லைட் வெளிச்சத்தில், சொன்னபடியே, கைகளைக் கட்டிக்கொண்டு பெண்ணின் அப்பா நின்றிருந்தார்.

வாசலை நெருங்கியதும் தவில்காரர் ஓர் உச்சத்துக்கு வந்து டமாரென்று ஓர் அடி அடித்தார். கியர் மாறும் சத்தம் என்று டிரைவரின் இடது காலுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அது பிரேக்கை நோக்கிப் பாய்ந்தது. ஏற்கெனவே பிரேக்கில் இருந்த வலது கால், இடமில்லாமல் நழுவி ஆக்சிலேட்டரில் விழுந்தது. தரைமட்டும். மற்றதெல்லாம் நான் திட்டமிட்டபடியே, ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. கவ்வி திறந்தது. ஸ்பிரிட் பாய்ந்தது. கியர் ஒரு படி இறங்கியது. கார் எழும்பியது. நாயனக்காரர் வலப்பக்கத் திண்ணையிலும் தவில்காரர் இடப்பக்கச் சாக்கடைக்கு அப்பாலும் இருந்தார்கள். எப்படிப் போனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றவர் கைகளை எடுத்தார். அவருக்கு ஒரு முழம் முன்னால், டிரைவர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதிக்க, கார் நின்றது. நான் நிற்கவில்லை. முன்சீட்டின் மேல் மடிந்தேன்; தலைப்பாகை என்னைவிட முந்திக்கொண்டு பானெட்டின் மேல் போய் விழுந்தது. உள்ளே புட்டி கவிழ்ந்து, சூடான இன்ஜினிலிருந்து பாலிஷ் ஸ்பிரிட் வாடை தெருவெங்கும் புகையாக எழுந்தது.

நல்ல வேளை தீப்பிடிக்கவில்லை. அது என் கணக்கில் இல்லாத ஒரே நல்ல விஷயம்.

கதவைத் திறந்து இறங்கினேன். மாலை காலில் சிக்கி, படியைத் தவறவிட்டேன்.

என் வருங்கால மாமனார் என்னைத் தூக்கிவிடவில்லை. குனிந்து மோந்தார். எத்தனையோ வருஷம் பையன்களின் பொய்களைக் கேட்ட முகம் அது. இன்னொரு பொய்க்குத் தயாராக இருந்தது.

"களைப்பாங்க மாப்பிள்ளை?" என்றார்.

மாமா ஏதோ சொல்ல வந்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நாயனக்காரரைத் திரும்பிப் பார்த்தார். என் கல்யாணம் அந்தத் திண்ணையில் குந்தியிருந்தவரின் அடுத்த அடியில் இருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முறைப்படி விளக்குவதுதான் சரி என்று எனக்குப் பட்டது. தெருவில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தேன். ஐப்பசி மழை, கரிசல் கரை, மேல் கியர், கம்பியின் நீளம். எண்ணெய் அழுத்தம் எப்படி இரண்டு பக்கமும் எடைபோடுகிறது என்பதை இரண்டு கைகளையும் தராசுபோல் வைத்துக் காட்டினேன். முதலில் புஸ்தகத்தில் சொன்னபடி திருகியது சரி, இரண்டாவது திருகு என் தவறு என்றேன். ஓய்வு வேகத்தை ஏற்றியது அதைவிடத் தவறு. ஆனால் அதற்குக் காரணம் கவ்வியின் இடம், அது மூன்றாவது தவறு. அதை இந்தப் பக்கம் கட்டியிருக்க வேண்டும் என்று தரையில் விரலால் படம் போட்டேன். காஸ் லைட் தூக்கி நின்றவர் தோள் மாற்றிக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து மூத்த பெண் இறங்கி வந்தாள். டிரங்குப் பெட்டியோடு வந்தவள். கல்யாண வீட்டில் முன்னால் வர வேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. என் எதிரில் குனிந்தாள். வேட்டியை முகர்ந்தாள், பிறகு, எல்லோர் முன்னாலும், ஊதச் சொன்னாள். ஊதினேன். வாழைப்பழ வாசனைதான் வந்திருக்கும்.

"வாடை வேட்டியிலதாம்பா இருக்கு. வாயில இல்ல" என்றாள்.

அவர் அப்படியும் அசையவில்லை.

"நான் எத்தனை வருசம் கேட்டிருக்கேன். குடிச்சவரு ஒரு நாளும் தன் மேல தப்புன்னு சொன்னதில்லப்பா. மழை மேல சொல்வாரு, படி மேல சொல்வாரு, என் மேல சொல்வாரு. இவரு வந்ததுலேருந்து, எந்தத் திருகுல தான் தப்புப் பண்ணுனேன்னு மட்டுந்தான் சொல்லிக்கிட்டிருக்காரு. நிறுத்தவும் மாட்டேங்கறாரு."

கடைசி வாக்கியம் குற்றச்சாட்டா சிபாரிசா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் மனைவியைக் கேட்டால் இரண்டும்தான் என்கிறாள். அவள் அப்போது ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாளாம். நாலாவது தவறு என்ன என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருந்ததாம்.

அவர் மூத்த மகளைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "வேட்டியை மாத்திக்கலாம் வாங்க" என்றார். பிறகு நாயனக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். திருப்பி அனுப்பும் தலையசைப்பு அல்ல அது.

ஆனால் மாமா விடவில்லை. மாப்பிள்ளை நாயனத்துக்குப் பின்னால் காரில்தான் வாசலுக்கு வர வேண்டும், நாயனத்தை முந்திப் பாய்ந்து வந்து விழுந்தால் அழைப்பு ஆகாது என்றார். காரைக் கிளப்ப யாருக்கும் தைரியம் இல்லை. டிரைவர் தன் இடது காலைத் தானே நம்பவில்லை. இன்ஜினை அணைத்து, கைப்பிடியை நியூட்ரலில் வைத்து, கூட்டத்திடம் காரைத் தள்ளச் சொன்னோம். முதலில் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து மறுபடி வாசலுக்கு. தவில்காரர் சாக்கடையைச் சுற்றி வந்து, எதற்கும் ஒதுங்கி நின்று, மெல்ல ஆரம்பித்தார். நாயனம் நின்றபோது கார் நின்றது. நடந்தபோது நடந்தது. அந்தக் கியர் பெட்டி இவ்வளவு ஒழுங்காக வேலை செய்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தள்ளியவர்களில் இரண்டு பேர் என் மாமனாரின் பழைய மாணவர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே, மாப்பிள்ளை அந்தக் கம்பியை எந்தப் பக்கம் திருகினாராம் என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டது என் காதில் விழுந்தது.

மாமா என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தெருவோரம் வேடிக்கை பார்த்தவர்களிடம், "பாத்தீங்களா, சத்தமே இல்ல. கியரெல்லாம் அதுவே போட்டுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.